சாமி லைன்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் தூசி அதிகம், மேடம். ஏட்டையா இரண்டு வரி அடிப்பதற்குள் பத்துத் தடவை மவுஸைத் தட்டுகிறார். தட்டி ஒன்றும் ஆகாது. பெட்டியைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்து, பின்பக்கம் அடைத்துக்கொண்டிருக்கும் பழைய ஃபைல் கட்டுகளை எடுத்துவிட்டால் பாதி நோய் போய்விடும். எதுவானாலும் மூச்சு விட இடம் வேண்டும். என் வாக்குமூலம் நடுவில் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பத்திக்கு ஒரு தடவை சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேற்று என் மனைவி வசந்தாமணி கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ‘எங்கப்பன என் கையாலயே கொன்னு போட்டனுங்க’ என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அதைக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அழுததைக் கேட்டு ஏட்டையா வெளியே போய்விட்டதாகச் சொன்னார்கள். அழுகையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் தொழில்நுட்பப் பிழைகள் நிறைய இருக்கின்றன. ஒரு பழுதுக்குத் தவறான காரணத்தை எழுதி வைத்தால், பின்னால் வருகிறவன் அதை நம்பிக் கெட்டுப்போவான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

என் பெயர் இளஞ்செழியன். மல்லசமுத்திரத்தில் கணினிச் செம்மல் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். பட்டம் வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை என்பதால் சிலர் காட்டாமலும் போகலாம். அப்போது போர்வண்டிக்காரர் வீடு என்று கேளுங்கள், குழந்தைகூடக் கொண்டுவந்து விடும்.

போர்வண்டிக்காரர் என் மாமனார் காளியண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பலரையும் போல இளவயதில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டியில் ஏறி, பிறகு சொந்தமாக வண்டி வாங்கி, ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பாறையைத் துளைத்தவர். துளைக்கும்போது கிளம்பும் கல்தூசியை முகத்தில் துணிகூடக் கட்டாமல் சுவாசித்திருக்கிறார். தண்ணீர் கிடைத்தது, நுரையீரல் போய்விட்டது. கடைசி ஆண்டுகளில் அவர் எங்களோடு இருந்தார். வீடு அவர் பெயரில்தானே இருக்கிறது என்று நீங்கள் இடையில் கேட்டீர்கள். அது பத்திரப்பதிவு சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன். வெளியூர் விருந்தாளிகள் என்னைப் புரொபசர் என்று கூப்பிடுவதுண்டு. நான் திருத்துவதில்லை, திருத்தினால் அவர்கள் மனம் சங்கடப்படும். மாமாதான் திருத்துவார்.

“எங்க மாப்ள காலேஜ்ல சாவி வெச்சிருந்தாருங்க” என்பார், மூக்கில் மாட்டிய குழாயோடு. “அவரு வந்து லேபத் தொறந்தாத்தான் எந்தப் புரொபசரும் உள்ளார போவ முடியும்.”

அதில் பொய் ஏதும் இல்லை. பொய் இல்லாததால் மறுக்கவும் வழியில்லை. நான் சிரித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

மாடியில்தான் என் கணினி. அதைப் பற்றி நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம். கணினியின் மூளையான பிராசசரைக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் நிர்ணயித்து அனுப்புகிறான். அந்த வேகம் சாமானியர்களுக்கு. விஷயம் தெரிந்தவன் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, குளிர்விக்கும் வசதியைச் செய்து கொடுத்து, அதையே இன்னும் வேகமாக ஓட வைக்கலாம். ஓவர்கிளாக் என்று பெயர். நான் என்னுடையதை ஐந்து புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோயிருந்தேன். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு வீட்டுக் கணினி அந்த வேகத்தில் ஓடியதில்லை என்று எங்கள் வட்டார அறிவுத்திறன் பேரவையின் தலைவர் பூபதி மேடையிலேயே சொன்னார். அவர் ஓடு, டைல்ஸ் வியாபாரம் செய்கிறவர். இருந்தாலும் விசாரித்துத்தான் சொல்லியிருப்பார், என்னைத்தான் விசாரித்தார்.

அந்த அறைக்கு ஏசி உண்டு. அது கணினிக்காக. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். கீழே மாமாவுக்கு ஃபேனே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். கேட்டபோது சொன்னார், அல்லது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பழுது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று உறைந்துவிடும். அம்புக்குறி அசையாது, மூலையில் இருக்கும் கடிகாரம் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஃபேன்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உயிர் இருக்கும், அசைவு இருக்காது. சில நேரம் தானாகத் தெளியும். சில நேரம் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட வேண்டும். எப்போதும் வருவதில்லை, அவ்வப்போது. அதுதான் கொடுமை. எப்போதும் வரும் பழுதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அவ்வப்போது வரும் பழுது இருக்கிறதே, அது மனிதனை எல்லோர் மேலும் சந்தேகப்பட வைத்துவிடும்.

ஓவர்கிளாக் செய்த கணினி உறைந்தால் முதல் வேலையாக அதைப் பழைய வேகத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். இது பாலபாடம். என்னிடம் யோசனை கேட்டு வந்த எத்தனையோ பேருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். என் விஷயத்தில் அந்தச் சோதனைக்கு அவசியம் ஏற்படவில்லை. அழைப்பிதழில் 5.4 என்று அச்சடித்துவிட்டார்கள்.

ஆமாம், விழா. பேரவை எனக்குக் கணினிச் செம்மல் பட்டம் தருவதென்று முடிவாகியிருந்தது. விழா என் வீட்டு மாடியிலேயே. என் கணினி ஐந்து புள்ளி நான்கில் ஒரு மணி நேரம் உறையாமல் ஓடுவதை நேரலையில் உலகம் பார்க்க, கூடவே பட்டமளிப்பும் நடக்கும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் இருக்கிறதல்லவா, அதைப் பல நூறு கோடி இலக்கம் வரை கணக்குப் போட வைத்திருந்தேன். அந்த விடை யாருக்கும் தேவையில்லை. அதனால்தான் அது தூய அறிவியல்.

முறைப்படி ஆரம்பித்தேன். மெமரியை மாற்றினேன். பிராசசர் மேல் சூடு கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். பவர் சப்ளையைச் சேலம் போய்ப் புதிதாக வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சில நாள் ஒழுங்காக ஓடும், நான் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் ‘வெற்றி’ என்று போடுவேன், அன்று மாலையே உறையும். பெட்டிக்குள் மாற்ற ஒன்றும் இல்லை என்றானபோது, பெட்டிக்கு வெளியே பார்ப்பதுதான் அறிவு. வீட்டில் வேறு எது ஓடினாலும் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும். அந்த ஒரு கணம் போதும்.

முதலில் கிரைண்டரை நிறுத்தினேன். வசந்தாமணி கடையில் மாவு வாங்கினாள். அடுத்து தண்ணீர் மோட்டாரைக் காலையில் மட்டும் போடலாம் என்று ஏற்பாடு செய்தேன். பிறகு பிரிட்ஜ். பால் திரிந்தது, அவள் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். மாமாதான் வாயைத் திறந்தார்.

“ஏனுங் மாப்ள, பொட்டி மறுக்கா நின்னு போச்சாட்ட இருக்குது.”

“ஆமாங்க மாமா.”

“அதையுங் கொண்டாந்து எம்பட கட்டல்ல படுக்க வெச்சுருங்க. மூச்சு வாங்கறவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுக் கெடக்கறோம்.”

வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. நான் மாடிக்குப் போனேன். திரை உறைந்திருந்தது.

இதை நீங்கள் தற்செயல் என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன, மேடம். மேலே என்னுடையது. கீழே அவருடைய ஆக்சிஜன் மிஷின். காற்றை உறிஞ்சி அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கட்டில் உயரம் இருக்கும். ராத்திரி பகல் நிற்காமல் ஓடும். நாலு மூச்சுக்கு ஒரு முறை ‘தொம்’ என்று உள்ளே ஒரு சத்தம் வரும். மாமா இரண்டையும் பொட்டி என்றுதான் சொல்வார். என் அறை அவர் அறைக்கு நேர் மேலே. தரையில் காதை வைத்தால் அந்தத் தொம் கேட்கும். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. நிறுத்தாமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஏசி இருந்தது, ஆனால் அது கணினிக்குத் தேவை.

அந்த மிஷினுக்குக் கரண்ட் நின்றால் அலறும் அலாரம் ஒன்று உண்டு. அதற்கென்று உள்ளே சின்னதாக ஒரு சதுர பேட்டரி இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டர் நின்றது. அலாரம் அடித்தால் வசந்தாமணி ஓடி வந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிடுவாள். அதன் திருகைத் திருப்ப மாமாவின் கையில் வலு கிடையாது. நான் ஒவ்வொரு லைனாக நிறுத்திச் சோதிக்கும்போதெல்லாம் இந்த அலாரம் அலறி, அவள் ஓடி, மாமா என்னைக் கூப்பிட்டு விசாரித்து, சோதனையே கெட்டுவிடும். அதனால் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். ஒரு பக்கம் சத்தம் இருந்தால் மறு பக்கம் கவனம் சிதறும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு மத்தியானம் வசந்தாமணி மேச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மாமா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் மேலே கணக்கை ஓட விட்டுவிட்டுக் கீழே வந்து மிஷினை நிறுத்தினேன். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் கணினித் திரையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அருமையாக ஓடியது. இடையில் ஒரு முறை மாமாவைப் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. மிஷினைத் திரும்பப் போட்டேன். நான் கொடூரமானவன் அல்ல என்பதற்கு இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அவர் கண் விழித்தார். மேல் தளத்தையே பார்த்தார்.

“கெணத்துக்குள்ள இருந்தாப்பல கெனா வந்துச்சுங் மாப்ள” என்றார். “மேல வாரதுக்கு வழியே தெரியல.”

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மிஷினைப் பார்த்தார், என் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

“அப்ப, பொட்டி நிக்கலீங்களா?”

“நிக்கலீங்க மாமா.”

“செரி” என்றார்.

மகளிடம் அவர் இதைச் சொல்லவில்லை. ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். அவளுக்கு என்னைவிட்டால் யார் என்று நினைத்திருக்கலாம். அன்று சாயங்காலம் அவளிடம் ஒரு பித்தளை டம்ளர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவதற்கு. “எவர்சில்வரு சத்தம் பத்தாது சாமி” என்றாராம்.

இந்த சாமி என்ற சொல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பிள்ளையும் சாமிதான், பெரியவரும் சாமிதான், கோயிலில் இருப்பதும் சாமிதான். வசந்தாமணி தன் அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது ‘இன்னொரு வா உண்ணுங்க சாமி’ என்பாள். அவர் ‘போதுஞ் சாமி’ என்பார். இரண்டு சாமிகளும் ஒருவரையொருவர் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். நடுவில் உண்மையான சாமி பக்கத்து அறையில் சீரியல் பல்புகளுக்கு நடுவே இருக்கும். பூஜை அறை விளக்கு எந்நேரமும் அணையக் கூடாது என்று மாமா காலத்திலேயே இன்வெர்ட்டரிலிருந்து அதற்குத் தனியாக ஒயர் இழுத்திருந்தார்கள். ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன் வைத்த பெயர்தான் சாமி லைன். மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் சுவிட்ச் பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். நீங்கள் போட்டோ எடுத்திருக்கிறீர்கள்.

விழா ஞாயிற்றுக்கிழமை. காலையில் வசந்தாமணி பூ வாங்கப் போன நேரத்தில் நான் மாமாவின் அறைக்குப் போனேன். மிஷினின் பிளக் என் அறைக்கு வரும் அதே லைனில் இருந்தது. அதைப் பிடுங்கி, பூஜை அறையிலிருந்து கட்டிலுக்கு அடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து அதில் மாட்டினேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னைய எங்கீங் மாப்ள மாத்தறீங்க?”

“சாமி லைனுக்குங்க மாமா. அங்கதான் கரண்ட் நிக்கவே நிக்காது.”

“அப்ப நானும் சாமியாயிட்டனாக்கு” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சொன்னதற்கு நான் மனமாரச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பேரவையினர் வந்துவிட்டார்கள். வசந்தாமணிக்கு என் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தேன். பட்டம் வாங்குகிறவரின் துணைவியார் கீழே போண்டா சுட்டுக்கொண்டிருந்தால் நேரலையில் நன்றாக இருக்காது. அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வரப் போனாள். நான் அறை வாசலில் நின்றேன்.

“ஒரு மணி நேரந்தான் சாமி. முடிஞ்சதும் ஓடியாந்தர்றேன்.”

“நீ போ சாமி. மாப்ளைக்குப் பொன்னாட போத்தறாங்களாமா. எனக்குப் போத்தறதுக்கு மிந்தி அவருக்குப் போத்தறாங்க, நல்லாப் பாத்துக்க.”

“வாயக் கழுவுங்க” என்று அவர் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டு அவள் படியேறினாள். நான் முன்னால் போய்விட்டேன். மேலே என் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் படித் திருப்பத்துக்கு வரும் சத்தம் கேட்டதும் குரல் கொடுத்தேன்.

“வசந்தா, அந்தச் சாமி லைன ஆஃப் பண்ணிட்டு வா.”

சீரியல் பல்பு மின்னுவதால் மைக்கில் கரகரப்பு வருகிறது என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். இருந்தாலும் அவள் தயங்கினாள். சாமி விளக்கை அணைக்க எந்தப் பெண்ணுக்கும் கை வராது. கீழிருந்து கேட்டாள்.

“எந்தச் சாமிங்க?”

விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். நான் சொன்னேன்: “வெளக்கு எரியற சாமிதான்.”

டக்கென்று சுவிட்ச் சத்தம் கேட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிளக்கை மாற்றியதை நான் அந்த நேரத்தில் மறந்திருக்கலாம் என்று நீங்கள் எனக்கு இடம் கொடுத்துப் பார்த்தீர்கள். நன்றி. மறக்கவில்லை. பின் ஏன் நானே போய் அணைக்கவில்லை என்று கேட்டால், ஒரு சோதனையில் சோதிக்கிறவனின் கை படாமல் இருப்பது நல்லது. முடிவு சுத்தமாக இருக்கும்.

பூபதி பேச ஆரம்பித்தார். வேகம்தான் விவேகம் என்றார். இந்த மண்ணில் பிறந்தவர்கள் பூமியைத் துளைத்தார்கள், இளஞ்செழியன் காலத்தைத் துளைக்கிறார் என்றார். பேரவையின் பொருளாளர் எழுதிக் கொடுத்தது. திரையில் இலக்கங்கள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தன. ஓர் உறைதல் இல்லை, தடுமாற்றம் இல்லை. என் கணிப்பு சரியாக இருந்தது. அந்தச் சில நிமிடங்களில் நான் அடைந்த நிம்மதியை எந்த வாக்குமூலத்திலும் எழுத முடியாது.

அப்போது தரைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக். சீராக, அவசரமில்லாமல்.

பூபதி பேச்சை நிறுத்தினார். “அது என்னங்க சத்தம்?”

“பக்கத்தூட்ல தறி ஓடுதுங்க” என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் தறிச் சத்தத்தை யாரும் காதில் வாங்குவதில்லை; அது இல்லாவிட்டால்தான் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பார்கள். பூபதி, “உழைக்கும் மக்களின் தாளம்” என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். கைதட்டினார்கள்.

வசந்தாமணி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இது தறியாட்ட இல்லீங்களே” என்று என் காதோரம் சொன்னாள். கேமரா ஓடுகிறது என்று கண்ணால் காட்டினேன். எழப்போனவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிஷின் நின்றால் அலாரம் அடிக்கும் என்ற தைரியம் அவளுக்கு. அலாரத்தின் பேட்டரி என் சட்டைப் பையில் இருந்தது. பொன்னாடை போர்த்தும்போது அது நெஞ்சில் கொஞ்சம் உறுத்தியது.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பித்தளை, கட்டில் கம்பி. தெரியும். ஏட்டையா, அந்த ஒரு வார்த்தையைச் சரியாக அடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு தட்டலுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இல்லை.

“கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது தறிக்காரனுக்கு” என்றார் பூபதி. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான், மேடம், கணினி உறைந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பேரவைக்கே தெரியாது. நேரலையும் அதே கணினி வழியாகத்தான் போனது. பாராட்டிக்கொண்டிருந்த பூபதி அதில் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். இலக்கங்கள் நின்றன. அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்களே தவிரத் திரையைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ‘வாழ்த்துகள் அண்ணா’ என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘உறையாக் கணினி கண்ட செம்மல்’ என்று பூபதி வாசித்தபோது கணினி உறைந்துதான் இருந்தது. நான் எழுந்து நின்று திரையை மறைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

நன்றியுரை முடிவதற்குள் வசந்தாமணி இறங்கி ஓடிவிட்டாள். பொன்னாடையை மடித்து வைக்க அவளிடம்தான் கொடுத்திருந்தேன். நான் கீழே போனபோது அதை அவர் மேல் போர்த்தி, தரையில் உட்கார்ந்திருந்தாள். மிஷினின் ஒயரைக் கையில் பிடித்து அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பூஜை அறை இருட்டாக இருந்தது. “நான்தானுங்க அணைச்சேன்” என்றாள். “நான்தானுங்க அணைச்சேன்.” அவளை நான் திருத்தவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாம் அப்போது அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பொன்னாடை இப்போது உங்களிடம் சான்றுப் பொருளாக இருக்கிறதா, அல்லது அவரோடு சேர்த்து எரித்துவிட்டார்களா என்று தெரியவில்லை. இருந்தால் ஒரு முறை பார்க்க வேண்டும். பெயரைத் தைத்ததில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது.

ஆக, கவனக்குறைவு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். இதில் கவனத்துக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரியைக் கழற்றியது நான். பிளக்கை மாற்றியது நான். எந்தச் சாமி என்று அவள் கேட்டபோது பதில் சொன்னது நான். தட்டியது கேட்டும் தறி என்று சொன்னது நான். வசந்தாமணி செய்தது ஒரு சுவிட்சை இறக்கியது மட்டும். அதற்காக அவள் எல்லாப் பெயரையும் எடுத்துக்கொண்டு போவது நியாயமில்லை. மாமாவைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சாவி விஷயத்தைக்கூட நான் மறந்துவிட்டேன். ஒரு பழுதுக்குக் காரணம் தேடினேன், அவ்வளவுதான். காரணங்களில் அவர் ஒருவராக இருந்தார்.

பிறகு ஏன் கடைசியில் உறைந்தது என்று உங்கள் முகம் கேட்கிறது. அதையும் கண்டுபிடித்துவிட்டேன். விருந்தாளிகளுக்கு ஐஸ்கிரீம் வைப்பதற்காக வசந்தாமணி அன்று மத்தியானம் எனக்குத் தெரியாமல் பிரிட்ஜைப் போட்டிருக்கிறாள். அவள் இப்போது வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு ஒரு ஃபேன், ஒரு விளக்கு தேவைப்படும். அதைப் பற்றி நான் அப்புறம் யோசித்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீதிமன்றத்தில் என் கணினியை ஓட்டிக் காட்டச் சொன்னால், வேறு யாரையும் தொட விடாதீர்கள். தெரியாதவர்கள் எடுத்த எடுப்பில் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஐந்து புள்ளி நான்கிலேயே விடுங்கள், அது ஓடும். நடுவில் நின்றுவிட்டால் பதறாமல், அந்த லைனில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.